கழிவுக்கு ஏது ஊர்?

என் கொழுந்தியாள் ரிஸ்வானா தென்துருவக் கடல் வரைக்கும் கப்பலில் போய் நத்தை பொறுக்கிக்கொண்டு வந்தவள். இதை இப்படிச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. ஆனால் கம்பம் பஜாரில் யாராவது கேட்டால், கடல் சூழலியல், பருவநிலை மாற்றம் என்றெல்லாம் நான் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. நான் ஏலக்காய் வியாபாரி. கேட்கிறவனுக்கு ஒரே வரியில் சரக்கைச் சொல்லிவிட வேண்டும். நத்தை என்றதும், அதற்கா அவ்வளவு தூரம் போனாள், நம்ம வாய்க்காலிலேயே கிடக்குமே என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். அதற்குள் எப்படியோ செய்தி வந்து சேர்ந்திருக்கும். தங்கையைக் கேலி செய்தவன் கட்டின புருஷனாகவே இருந்தாலும், என் மனைவி ஜன்னத்துல் பிர்தௌஸ் அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்துவிடுவாள்.

குடோனை நடத்துவது ஜெய்லானி என்று ஊரில் பேர். அந்த ஜெய்லானி நான்தான். ஆனால் காய் பொறுக்குகிற பக்கம் முழுக்க ஜன்னத்தின் ராஜ்யம். மலையிலிருந்து ஏலக்காய் சாக்கில் வரும்போது, எந்தத் தோட்டத்துக் காய் என்று சாக்கில் பேர் எழுதியிருக்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு தட்டில் காயைக் கொட்டிப் பரப்பிப் பொறுக்குவார்கள். பச்சையாகப் பருத்துக் கிடப்பது ஒரு பக்கம். வெடித்தது, வெளுத்தது, பூச்சி துளைத்தது எல்லாம் மறுபக்கம். நல்ல காய் தோட்டத்தின் பேரோடு ஏலத்துக்குப் போகும். கழிவுக்குப் பேர் கிடையாது. எல்லாத் தோட்டத்துக் கழிவும் மூலையில் ஒரே குவியலாகச் சேரும், மசாலாப் பொடி அரைக்கிறவர்கள் வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போவார்கள். என் அத்தா காலத்திலிருந்து அப்படித்தான். கம்பத்தில், போடியில், எங்கே போய்ப் பார்த்தாலும் அப்படித்தான்.

ஏலத்தில் வாங்க வருகிறவர்கள் முன்னால் ஒரு தட்டில் கொஞ்சம் காய் வைப்பார்கள். அவர்கள் அதை ஒரு பார்வைதான் பார்ப்பார்கள். அந்த ஒரு பார்வையில் முகம் சுளித்துவிட்டால் தோட்டக்காரனின் ஒரு வருஷப் பாடு போச்சு. எங்கள் குடோனிலிருந்து போன தட்டைப் பார்த்து ஒருத்தரும் முகம் சுளித்ததில்லை என்பதில் ஜன்னத்துக்கு இருக்கிற பெருமை, நான் போட்ட வைரத் தோட்டில்கூட இருந்ததில்லை.

ரிஸ்வானா அவளுக்குப் பத்து வயசு இளையவள். உத்தமபாளையத்தில் காலேஜ் முடித்து, கொச்சிக்குப் போய்க் கடலைப் படித்து, கோவாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மலைக்கு இந்தப் பக்கம் பிறந்த பெண்ணுக்குக் கடல் மேல் எப்படி ஆசை வந்தது என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். மலை மேல் இருக்கிற அணையின் தண்ணீர் அடிவாரத்தில் லோயர் கேம்ப்பில் வந்து விழுவதைச் சின்ன வயசில் பார்த்தபோது, இது கடைசியில் எங்கே போகும் என்று கேட்டாளாம். யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லையாம். அதனால் தானே பார்த்துவரப் போனாளாம். அவள் பதில்கள் எல்லாம் இப்படித்தான் இருக்கும்.

இரண்டாயிரத்து எட்டு டிசம்பரில் கேப் டவுனில் கப்பலேறினாள். இரண்டாயிரத்து ஒன்பதில் திரும்பி வந்தபோது முகம் கறுத்து உதடு வெடித்திருந்தது. கம்பத்துக்கு வந்து இரண்டு நாள் தூங்கினாள். அப்புறம்தான் கதை வந்தது. கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் தட்டு, தம்ளர், நாற்காலி எல்லாவற்றையும் கட்டி வைத்திருப்பார்களாம். படுக்கையில் புரண்டு விழாமலிருக்க, மெத்தைக்கு அடியில் உயிர்காக்கும் சட்டையைச் செருகிச் சரிவாக்கிக்கொண்டு படுப்பார்களாம். குறித்த இடம் வந்ததும், நேரம் காலம் பார்க்காமல் மெல்லிய வலையைக் கடலுக்குள் இறக்குவார்கள். ஏறி வந்த வலையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால், அடியில் கட்டியிருக்கிற குப்பியில் கடுகளவு, மிளகளவு ஓடுகள் வந்து சேரும். அந்த நத்தைக்குக் காலுக்குப் பதிலாக இரண்டு சிறகு. கடலுக்குள்ளேயே பறக்குமாம். மீன் தின்பது அதை, பறவை தின்பது அந்த மீனை. அதன் ஓடு கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். கீழே எழுத்தை வைத்தால் படிக்க முடிய வேண்டும். இப்போது சில இடங்களில் வெளுத்துப் புள்ளி விழுந்து வருகிறது என்றாள்.

ஏன் என்று ஜன்னத் கேட்டாள். ரிஸ்வானா பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு சோடா வாங்கிவரச் சொன்னாள், ஒன்று ஐஸில் வைத்தது, ஒன்று வெயிலில் கிடந்தது. உடைத்து வைத்தாள். வெயிலில் கிடந்தது பொங்கி அடங்கிச் சப்பென்று ஆகிவிட்டது. குளிர்ந்ததில் கேஸ் அப்படியே நின்றது. உலகத்துப் புகையில் ஒரு பங்கைக் கடல் குடித்துக்கொள்கிறது, குளிர்ந்த கடல் கூடுதலாகக் குடிக்கிறது, குடிக்கக் குடிக்கத் தண்ணீரின் தன்மை மாறுகிறது, சுண்ணாம்பால் ஆன ஓடு அதில் கரைய ஆரம்பிக்கிறது என்றாள். எனக்கே புரிந்துவிட்டது. ஜன்னத்துக்கும் புரிந்தது என்றுதான் நினைத்தோம். புரிந்தும்தான் இருந்தது. ஆனால் புரிவது வேறு, கை பழகியிருப்பது வேறு.

அந்த வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரம் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். தேனியில் ஆபரேஷன். மகள்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியதாயிற்று. ரிஸ்வானா லீவு போட்டு வந்தாள். வரும்போது ஒரு மைக்ரோஸ்கோப்பையும், பஞ்சு வைத்து அடைத்த ஒரு மரப்பெட்டியையும் மடியில் வைத்தபடியே கோவாவிலிருந்து கொண்டுவந்தாள். பெட்டிக்குள் மூன்று கண்ணாடிக் குப்பிகள். மூன்றும் பனிக்கட்டிக்குப் பக்கத்தில், தெற்கே தெற்கே போய் எடுத்தவை. கழுவி உலர்த்திய ஓடுகள். வடக்கே எடுத்ததையெல்லாம் அங்கேயே எண்ணி முடித்துவிட்டாள். இவைதான் பாக்கி. இவைதான் முக்கியமும்.

விஷயம் இதுதான். டிசம்பரில் அவளுடைய குழுத்தலைவர் டாக்டர் வைகுண்டராஜ் முன்னால் எல்லோரும் தங்கள் கணக்கை வைக்க வேண்டும். அதைப் பார்த்து ஜனவரிக் கப்பலுக்கு ஆள் எடுப்பார்கள். கப்பலில் படுக்கைகள் கொஞ்சம்தான். படுக்கை இருந்தால்தான் ஆள். ரிஸ்வானாவுக்கு ஒரு படுக்கையை அவர் ஒதுக்கி வைத்திருந்தார். கணக்கு வந்தால் அவள் போவாள். ஒரே இடத்தில் வருஷா வருஷம் போய்ப் பார்த்தால்தான் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்ல முடியும், ஒரு வருஷம் விட்டால் அந்த வருஷம் போனதுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் அவ்வளவு ஆசையாக வேறு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தபோதெல்லாம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவள் அவள்.

வீட்டை ஒட்டியே இருக்கிற எங்கள் குடோனின் மாடியில் வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. வெயில் நேராக விழாது, ஆனால் வெளிச்சம் நன்றாக இருக்கும். காயின் நிறம் பார்ப்பதற்கென்றே அத்தா வைத்த ஜன்னல். அங்கே மேஜை போட்டுக் கொடுத்தோம். கறுப்புத் தட்டில் ஓடுகளைப் பரப்பி, ஈரம் தொட்ட மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து நகர்த்துவாள். ஜன்னத் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பாள். ஒரு நாள் தூரிகையை வாங்கிச் செய்து பார்த்தாள். இருபது வருஷமாகக் காய் பொறுக்கின விரல். ஒரு ஓடுகூட உடையவில்லை. அக்கா, உன்னைக் கப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ரிஸ்வானா சிரித்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு கீழே கல்லாவில் இருந்த எனக்குக் கேட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம். மாமியாருக்குக் காய்ச்சல் வந்து, ரிஸ்வானா தேனியிலேயே தங்க வேண்டியதாயிற்று. மேஜை மேல் குப்பிகள் அப்படியே இருந்தன. நான் வண்டன்மேட்டுப் பக்கம் தோட்டம் பார்க்கப் போய்விட்டு, குமுளி மலை இறங்கி, நனைந்த கோழியாக வந்து சேர்ந்தேன். ஜன்னத் வாசலிலேயே நின்றாள். முகம் அப்படி ஒரு வெளிச்சம். தலையைத் துவட்டக்கூட விடாமல் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கறுப்புத் தட்டுகள் மூன்றில், குப்பிக்கு ஒரு தட்டாக, ஓடுகள் வரிசையாக இருந்தன. பெரியது ஒரு வரிசை, நடுத்தரம் ஒன்று, பொடி ஒன்று. ஒவ்வொன்றும் பனித்துளி மாதிரி. ஒரு புள்ளி இல்லை, ஒரு வெளுப்பு இல்லை. நான் அசந்துபோய், நம்ம முதல் தரத் தட்டு தோற்றுவிடும் போலிருக்கிறதே என்றேன். அவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

"அவ பாட்டுக்குக் கழிவோட கொண்டுபோயி அந்த டாக்டர் முன்னால வச்சான்னா, அவுக என்னங்க நெனைப்பாக? இம்புட்டுத் தூரம் போயி மட்டச் சரக்கா அள்ளிட்டு வந்திருக்கான்னுதான நெனைப்பாக? ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையிறா. அவளுக்கு ஏது நேரம்? அதான் நானே பொறுக்கிப்புட்டேன்."

 எனக்கு அந்தச் சோடா ஞாபகம் வந்தது. ஆனால் பசி. மழை வேறு. அவள் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. சாப்பிடப் போய்விட்டேன்.

மறுநாள் மத்தியானம் ரிஸ்வானா வந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நனைந்தே நடந்து வந்திருந்தாள். ஜன்னத் டீயைக்கூடப் போடாமல் அவளை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னால் போனேன். ரிஸ்வானா தட்டுகளைப் பார்த்தாள். குனிந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். ஒரு தட்டு முடிந்து அடுத்த தட்டு, அது முடிந்து அடுத்தது. ரொம்ப நேரம் தலையைத் தூக்கவே இல்லை. பாராட்டப் போகிறாள் என்று ஜன்னத் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"வெளுத்ததெல்லாம் எங்கக்கா?" என்றாள் கடைசியில்.

ஜன்னல் திண்டில் ஒரு சில்வர் சாஸர் இருந்தது. ஜன்னத் அதைக் காட்டினாள். அதில் சுண்ணாம்புத் தூள் மாதிரி ஒரு சின்னக் குவியல்.

"இதுல எது எந்தக் குப்பியில இருந்தது?"

"மூணுலயும் இருந்துதான். கழிவுக்கு ஏது ஊரு?"

ரிஸ்வானா ஸ்டூலில் உட்கார்ந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டி மேஜையில் விழுந்தது. அதை அவள் துடைக்கவில்லை. சத்தம் போடுவாள் என்று நான் காத்திருந்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டில் சத்தம் போட்டால் பதிலுக்குச் சத்தம் போட்டு, சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும்.

"வெளுத்ததத் தேடித்தான்க்கா நான் அம்புட்டுத் தூரம் போனேன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஜன்னத்துக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. சோடா, புகை, கரைகிற ஓடு என்று அன்றைக்குக் கேட்டதெல்லாம் ஒன்றாக வந்து அவள் முகத்தில் இறங்குவதை நான் பார்த்தேன். அவள் கை தானாக அந்தச் சாஸரை எடுத்து, மூடுவது போல உள்ளங்கையால் பொத்திக்கொண்டது.

பிறகு இரண்டு நாள் ரிஸ்வானா அந்தக் குவியலோடு மல்லுக்கட்டினாள். மூன்று இடத்திலும் ஒரே வகை நத்தை, ஒரே அளவு, ஒரே வெளுப்பு. இந்த இடத்தில் நூற்றுக்கு இவ்வளவு கெட்டது, அந்த இடத்தில் இவ்வளவு என்று சொல்வதற்குத்தான் அவள் எண்ணுவது. நல்லது எங்கே கிடந்தது என்று தெரியும். கெட்டது எங்கே கிடந்தது என்பது போய்விட்டது. ஜன்னத் பக்கத்திலேயே நின்றாள். தான் பொறுக்கியதை மனசுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்தாள்.

"மூணாவது குப்பியிலதான் ரொம்ப. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதப் பொறுக்கும்போதுதான் கை கடுத்து வலிச்சுப்போச்சு."

"சரிதான்க்கா. ஆனா உன் கைவலிய நான் எழுத முடியாதே" என்றாள் ரிஸ்வானா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

நான் வியாபாரி. எனக்கு வழி தோன்றாமல் இருக்குமா? அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மெதுவாக ஆரம்பித்தேன். அக்கா சொல்கிறபடி மூன்றாவதற்குக் கூடுதலாக ஒரு பங்கு, மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம், இப்படிப் பிரித்துப் போட்டுவிட்டால் என்ன? பனிக்கட்டிக்குப் பக்கத்தில் போய் யார் சரிபார்க்கப் போகிறார்கள்? நிஜமும் ஏறக்குறைய அப்படித்தானே இருக்கும்? நாங்கள் எடை போடும்போதுகூட ஏறக்குறைய என்று ஒன்று உண்டு. அது இல்லாமல் ஒரு தொழிலும் நடக்காது.

அக்கா மேல் வராத கோபம் என் மேல் வந்தது.

"மச்சான், நானா ஒரு பங்கு போட்டா அது நான் சொல்ற பேச்சு. கடல் சொல்றதக் கேக்கத்தான் என்னைய அனுப்புனாக. நான் சொல்றதக் கேக்குறதுக்கு எதுக்குக் கப்பலு? இங்கனயே உக்காந்து சொல்லிருவேனே."

நான் ரசத்தைக் குடித்தேன். அவளுடைய அக்கா பொறுக்கி வைத்ததற்குக் கிடைக்காத திட்டு, பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொன்னவனுக்குக் கிடைத்தது. குடும்பத்தில் மாப்பிள்ளை என்று ஒருத்தன் இருப்பதே அதற்குத்தான் போல.

காலையில் அவள் மாடியிலிருந்து வைகுண்டராஜுக்குப் போன் செய்தாள். அவர் தூத்துக்குடிக்காரர், தமிழிலேயே பேசினார்கள். நான் படியின் கீழே சாக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். ஜன்னத் டீ தம்ளரோடு படியில் ஏறிப் பாதியில் நின்றுவிட்டாள். மூன்று இடத்துக் கணக்கும் வராது என்று ரிஸ்வானா சொல்வது கேட்டது. எப்படி என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

"கலந்துபோச்சு சார். என் கையிலதான். கவனக்குறைவு."

ஜன்னத் தம்ளரைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். என்னைத் தாண்டிப் போனாள். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எந்தச் சத்தத்துக்குள்ளும் எனக்கு அது கேட்கும்.

வைகுண்டராஜ் ஒன்றும் கடுமையாகப் பேசவில்லையாம். அந்த மூன்று இடங்களை விட்டுவிட்டு மீதியை வை என்றாராம். ஆனால் தெற்கு இல்லாத கணக்கு தலையில்லாத முண்டம் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஜனவரிக் கப்பலின் படுக்கை கொச்சியைச் சேர்ந்த வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. அது நியாயம்தான் என்று ரிஸ்வானா சொன்னாள். சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து அவள் கோவாவுக்குக் கிளம்பினாள். அதற்குள் மாமியார் கம்பு ஊன்றி வாசல் வரை நடக்க ஆரம்பித்திருந்தார். அக்காவும் தங்கையும் அம்மாவின் மாத்திரை, பிஸியோதெரபி, பஸ் நேரம் என்று எல்லாம் பேசினார்கள். அதை மட்டும் பேசவில்லை. அவள் போன பிறகு மாடியைக் கூட்டப் போன ஜன்னத் கையில் ஒரு சின்னக் குப்பியோடு இறங்கி வந்தாள். சாஸரில் கிடந்த வெளுத்த ஓடுகளை ரிஸ்வானா அதில் போட்டு மூடி வைத்திருந்தாள். அவளுடைய குப்பிகளில் எல்லாம் கடலில் எந்த இடம் என்று ஒட்டியிருக்கும். இதிலும் ஒட்டியிருந்தது. 'கம்பம், 2009' என்று எழுதியிருந்தாள்.

ஜன்னத் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடி பீரோவில் எங்கள் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் செட்டுக்குப் பக்கத்தில் அந்தக் குப்பி இப்போதும் இருக்கிறது. விருந்தாளிகள் அது என்ன அத்தரா என்று கேட்பார்கள்.

குப்பி கையில் கிடைத்த மறுநாள் காலை குடோனுக்குள் புதுச் சட்டம் வந்தது. இனிமேல் கழிவும் தோட்டம் தோட்டமாகத் தனித்தனித் தட்டில் இருக்க வேண்டும், தட்டில் தோட்டத்தின் பேர் ஒட்டியிருக்க வேண்டும். பொறுக்கும் பெண்களில் மூத்தவளான ராஜாத்தி வாய்விட்டே முணுமுணுத்தாள். கழிவுக்குத் தனித் தட்டு வைக்கிற முதலாளி வீட்டை நான் எங்கேயும் கண்டதில்லை என்றாள். நானும் அவள் கட்சிதான். பொடி அரைக்கிறவன் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித்தான் அள்ளிக்கொண்டு போகப் போகிறான், நடுவில் இவ்வளவு தட்டுக்கும் இடத்துக்கும் நான் எங்கே போவேன்?  பதில் சொல்லாத ஜன்னத்தோடு வாதாடி இந்தக் கம்பத்தில் யாரும் ஜெயித்ததில்லை. தட்டு வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த பருவத்தில் ஒரு நாள் அவள் கழிவுத் தட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் மலைத் தோட்டங்களில் கழிவு வழக்கம் போல இருந்தது. மலையின் கீழ்ச் சரிவில் இருந்த இரண்டு தோட்டங்களில் வெடித்ததும் வெளுத்ததும் தட்டு நிறையக் கிடந்தது. மழை தவறிப் பெய்வதைப் பற்றியும், முன்னைப் போலக் குளிர் இறங்காததைப் பற்றியும் அந்தத் தோட்டக்காரர்கள் புலம்புவதை நான் பல வருஷமாகக் கேட்டிருக்கிறேன். வியாபாரியிடம் எல்லாத் தோட்டக்காரனும் புலம்பத்தான் செய்வான் என்று ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருக்கிறேன். எல்லாக் கழிவும் ஒரே குவியலாகக் கிடந்தவரைக்கும் அந்தப் புலம்பல் நிஜம் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. ராஜாத்தியும் வந்து பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் முணுமுணுக்கவில்லை.

ஆனால் ஜன்னத் தங்கையிடம் கடலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாரா வாரம் போனில் பேசுவார்கள். அம்மாவின் கால், பஸ் டிக்கெட், யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை. ரிஸ்வானா வேலையைப் பற்றி ஆரம்பித்தால், இந்தா மச்சான்கிட்ட சொல்லு என்று போனை என் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவாள். உரிமை போய்விட்டது என்று நினைத்தாள். ஒரு தடவை அவளே என்னிடம் சொன்னாள், அவ தொழில்ல கைய வச்சு நான் கெடுத்தேன், இனி அதப் பத்திக் கேக்க எனக்கு என்ன வாயிருக்கு என்று. நான் ஏதோ சமாதானம் சொன்னேன். என் சமாதானம் அவளிடம் என்றைக்கு எடுபட்டது?

அடுத்த வருஷக் கப்பலில் ரிஸ்வானாவுக்கு இடம் கிடைத்தது. வைகுண்டராஜ் ஏன் கொடுத்தார் என்று சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. இரண்டாயிரத்துப் பத்து நவம்பர் கடைசியில் கிளம்பினாள். அதே மூன்று இடங்களிலும் நின்று வலை போட அனுமதி வாங்கியிருக்கிறேன் என்று என்னிடம் சொன்னாள். நான் ஜன்னத்திடம் சொன்னேன். அவள் கேட்காதது போலக் காயைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் முடிகிற ஒரு வெள்ளிக்கிழமை. நான் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து குடோனில் கால் நீட்டியிருந்தேன். போன் அடித்தது. ஏதோ நீளமான நம்பர். கப்பலிலிருந்து பேசினாள். சாட்டிலைட் போன் என்பதால் நாம் பேசியது போய்ச் சேர்ந்து பதில் வர நேரமாகும். நடுவில் காற்றிரைச்சல். மூன்று இடமும் முடிந்துவிட்டது மச்சான் என்றாள். சந்தோஷமாகச் சொன்னாளா, அசதியா என்று தெரியவில்லை. அக்காவிடம் கொடுங்கள் என்றாள்.

ஜன்னத் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் போனை அவள் மடியில் கிடந்த தட்டிலேயே வைத்தேன். காய்களுக்கு நடுவிலிருந்து அக்கா, அக்கா என்று தங்கை கூப்பிடுவது சின்னதாகக் கேட்டது. பெண்கள் எல்லோரும் பொறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஜன்னத் போனை எடுத்துக் காதில் வைத்தாள். சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்று கேட்பாள் என நினைத்தேன்.

"கழிவத் தனித்தனியா வச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

கேள்வி கடலைத் தாண்டிப் போய்ச் சேர்கிற நேரம் வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ரிஸ்வானா சிரிக்கிற சத்தம். நான் பக்கத்தில் குனிந்து காதை வைத்துக்கொண்டேன், எனக்கும் கேட்டது.

"வச்சிருக்கேன்க்கா. ஒவ்வொண்ணுலயும் ஊரு எழுதி வச்சிருக்கேன். அக்கா, உனக்கு எந்தக் குப்பியில கை வலிச்சதுன்னு சொன்ன?"

"மூணாவதுல."

மறுபடியும் அந்தக் காற்று. கப்பலில் ஏதோ இரும்பு இரும்போடு மோதுகிற சத்தம்.

"அங்கனதான்க்கா எனக்கும் இப்ப கை வலிக்குது" என்றாள் ரிஸ்வானா.

 தான் சொன்னது சரியாகப் போனதற்காக ஜன்னத் முகத்தில் ஒரு துளி பெருமை இல்லை. ஒரு வருஷமாக இருந்த பாரம் இறங்கியதும் தெரிந்தது, அதைவிடப் பெரிதாக வேறொன்று வந்து உட்கார்ந்ததும் தெரிந்தது. பிறகு, நல்லது ஏதாவது கிடந்ததா அங்கே என்று கேட்டாள். கிடந்தது, கொஞ்சம் என்று பதில் வந்தது. அதையும் பத்திரமா வையி என்றாள். அதற்குள் லைன் போய்விட்டது.

போனை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் மறுபடியும் தட்டைப் பார்த்தாள். கீழ்ச் சரிவுத் தோட்டத்துக் காய் அது. வெளுத்த காய் ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேர் ஒட்டிய தட்டில் போட்டாள். பெண்கள் வேலையைத் தொடர்ந்தார்கள்.